அண்ணனின் சட்ட இதழில் ஒரு நட்சத்திரக் குறி*

அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எனக்கு அது நேற்றுக் காலை போல இருக்கிறது. "பசை ஆறட்டும் பாப்பா, இதழோட கடைசி ஃபாரத்தைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று அச்சகத்துக்குக் கிளம்பினார். அரை மணி நேரத்தில் அச்சகத்துக்காரர் அவரை மடியில் சாய்த்துக்கொண்டு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். நான் பசைச் சட்டியும் கையுமாக வாசலில் நின்றேன். உயிர் வழியிலேயே போயிருந்தது.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. அண்ணன் பிள்ளைகள், "அத்தை, அப்பாவோட நினைவு மலருக்கு நீங்களும் எழுதணும்" என்றதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் சொந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது பாரிவாக்கத்தில். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அண்ணன் பூந்தமல்லிக்கு நடந்துபோய்ப் படித்தார். ஆவடியில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்து, பிறகு சட்டக் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு உயர்ந்தார். அம்பத்தூரில் வீடு கட்டினார். அந்த வீட்டுக்குத்தான் நான் ஒரு துணி மூட்டையோடு வந்து சேர்ந்தேன்.

ஏன் வந்தேன் என்பதை இதுவரை வெளியில் யாரிடமும் நான் சொன்னதில்லை. திருநின்றவூரில் என்னைக் கட்டிக்கொண்டவர் இன்னொருத்தியைக் கொண்டுவந்து வைத்தார். கேட்டதற்குச் சூடு போட்டார். சீனச் சண்டை நடந்த வருடம் அது. அண்ணன் ஒரு வக்கீலை வைத்து ஜீவனாம்சத்துக்கு மனுப் போட்டார். கோர்ட்டில் அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு, "வரச் சொல்லுங்க சாமி, ராணியாட்டம் வச்சிக்கிறேன்" என்றார். மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்து, "கூப்பிடறாரே, போறியாம்மா?" என்றார்.

கோர்ட்டு நிறைய ஆம்பிளைகள். சூடு எங்கே இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இரண்டாம் முறையும் கேட்டார். அப்போதும் வாய் திறக்கவில்லை. புருஷன் அழைத்தும் போக மறுத்தாள் என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். வெளியே வரும்போது அந்த மனிதர், "இன்னா, வாயில கொயுக்கட்டையா கீது? அண்ணாத்த ஊட்லயே குந்திகினு துன்னு" என்று சிரித்தார். அண்ணன் என்னை பஸ்ஸில் வீட்டுக்குக் கூட்டிவந்தார். பிறகும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

அதன் பிறகுதான் அண்ணனும் கல்லூரி ஆசிரியர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஆங்கில சட்ட இதழைத் தொடங்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று வரும். "தீர்ப்பு போடற புக்குதான் ஏற்கெனவே இருக்குதே, இது எதுக்குண்ணா?" என்று கேட்டேன். "அதுங்க தீர்ப்பைச் சொல்லும் பாப்பா. இது அந்தத் தீர்ப்பு சரியான்னு கேக்கும்" என்றார்.

பக்கத்துக்குப் பக்கம் வரும் அடிக்குறிப்புகளைக் காட்டி அச்சகத்துக்காரர் அண்ணனைச் சீண்டிக்கொண்டே இருப்பார். "இன்னா சார் புக்கு இது? மேல நாலு வரி, கீய நாப்பது வரி கீது! என்கிட்ட கீற பொடி எயுத்தெல்லாம் உங்களுக்கே பூடுது. கல்யாணப் பத்திரிகை அடிக்க இன்னா பண்றது?" அண்ணன் சிரிப்பார். "அந்தப் பொடி எழுத்துலதான்யா யார்கிட்ட என்ன கத்துக்கிட்டோம்னு சொல்ல முடியும். அதை எடுத்துட்டா நாங்கல்லாம் திருடங்க."

இதழை மடித்து, உறை ஒட்டி, விலாசச் சீட்டு வைத்து புக் போஸ்ட்டுக்குக் கட்டுவது என் வேலை. எனக்கு ஓர் எழுத்தும் புரியாது. ஒரு தடவை மட்டும் அண்ணன், "இந்த இதழை நான் ஒட்டறேன், நீ போய்ப் படு" என்றார். "உனக்குப் பசை தடவத் தெரியாதுண்ணா, ஓரமெல்லாம் ஈஷிடும்" என்று பிடுங்கிக்கொண்டேன். அவர் போகவும் இல்லை, உதவவும் இல்லை. கடைசி உறை ஒட்டி முடிக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மத்தியானம். கடைசி இதழ் அப்படியே கிடக்கிறதே என்று உறை ஒட்டிக்கொண்டிருந்தேன். அண்ணனிடம் படித்த ஒரு வக்கீல் பெண் துக்கம் கேட்க வந்தாள். என் கையைப் பார்த்தாள். "உறையெல்லாம் நீங்கதான் ஒட்டுவீங்களாம்மா? ஆரம்பத்துலேர்ந்தா?" என்றாள். ஆமாம் என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அலமாரியிலிருந்து ஒரு பழைய இதழை எடுத்து, ஒரு பக்கத்தைத் தமிழில் சொன்னாள்.

கோர்ட்டில் பேசாமல் நிற்கும் மனைவியைப் பற்றி அண்ணன் எழுதிய கட்டுரை அது. புருஷனையும் கூட்டத்தையும் வைத்துக்கொண்டு கேட்டால் வரும் மௌனம் மறுப்பு ஆகாது, அவளைத் தனியே அழைத்துக் காரணம் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். தலைப்பின் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அடியில் பொடி எழுத்தில்: 'இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுத் தந்தவர் அன்று பேசாமல் நின்ற ஒரு பெண். அவர் பெயரை எழுத அனுமதி கேட்க எனக்குத் துணிவில்லை. இந்த இதழ் உங்களிடம் வருவது அவர் ஒட்டிய உறையில்.'

என் மானத்தை ஊரெல்லாம் அனுப்பினாரே, அதற்கு நானே பசை தடவினேனே என்று முதலில் கோபம்தான் வந்தது. யாரிடம் போய்க் கேட்பது? கேட்க வேண்டியவர் படமாகிவிட்டார்.

அந்தப் பெண் என் பசைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதைக் காட்டித்தாம்மா ஒரு வழக்குல வாதாடினேன். ஜட்ஜ் அந்தப் பொண்ணைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டுக் கேட்டார். அவ பேசினாம்மா. அதுக்கப்புறம் மத்த வக்கீலுங்களும் இதை எடுத்துக் காட்டறாங்க" என்றாள்.

ஒரு வருடமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதிர்ச்சி இன்னும் தீரவில்லை.

அண்ணனைத் தூக்கிவந்த அச்சகத்துக்காரருக்கும், என்னைப் பாரமாக நினைக்காத அண்ணிக்கும், காரியத்தில் தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம், 'தங்கை' என்று மட்டும் போடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். எழுதி முடித்ததும் மாற்றச் சொல்லிவிட்டேன். தலைப்பைப் போலப் பெரிதாக வேண்டாம். அண்ணன் இதழில் போடுவது போல அடியில், பொடி எழுத்தில் போதும்.

* அன்று பேசாமல் நின்றவள் நான்தான். தனியாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். — கன்னியம்மாள், அம்பத்தூர்.