பிடியரிசிப் பையும் முனியம்மா வாசலும்

வீடு வீடாகப் பை விரிக்கிற வேலையில் முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது வெட்கம்; சபைக்காகவோ சங்கத்துக்காகவோ அலைந்த உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? சப்பான்காரன் காலத்தில் ஈப்போவில் ஒரு தேவாலயத்துக் கோயில்பிள்ளை நான். மணியடிப்பது, பெருக்குவது போக, பிடியரிசி வாங்கி இல்லாதவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை.

புந்தோங்கில் ஒரு வழக்கு

உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று தனிக் கலயத்தில் போடுவது எங்கள் பெண்களின் வழக்கம். அரிசி கண்ணில் படாமல் போனபின் அதற்குப் பதில் மரவள்ளிக்கிழங்கைப் பிடியாக வாங்கினேன். ஒரு பிடி கிழங்கு என்றால் எவ்வளவு? சபையில் போதிக்கிற உபதேசியாருக்கே தெரியவில்லை. முழங்கை நீளம் என்று நானாக ஒரு சட்டம் போட்டேன். ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் ஞானம்மா அக்கா கத்தியும் கிழங்குமாக வாசலுக்கு வந்து என் கையை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு முழங்கைண்ணே? ஒங்களதுன்னா எம் புள்ளைங்க பட்டினிதான். என் சின்னவன் கைய வச்சு வெட்டுறேன், வாங்கிட்டுப் போங்க லா!"

தோட்டத்து லயத்தில்

கிழங்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். அங்கே முனியம்மா என்பவளின் புருஷனைச் சயாமில் ரயில் பாதை போடச் சப்பான்காரன் பிடித்துப் போயிருந்தான். மகளுக்குக் கால் இரண்டும் வீங்கி, சுவரைப் பிடித்துத்தான் நடந்தாள். பச்சைப்பயறு கொடுத்தால் வடியும் என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசர் சொன்னதால், எங்கேயோ தேடி ஒரு பொட்டலம் கொண்டுபோயிருந்தேன். முனியம்மா அதைத் தொடவே இல்லை.

"இன்னிக்கு வாங்கித் தின்னா, நாளைக்கு உங்க கோயில்ல வந்து முட்டி போடச் சொல்வீங்க. எங்க மாரியாத்தா பாத்துக்குவா. எடுத்துட்டுப் போங்கண்ணே."

பழக்க தோஷம்

அடுத்த வாரமும் கிழங்கும் பயறுமாகப் போனேன். என்ன சொல்லிச் சம்மதிக்க வைப்பது என்ற யோசனையிலேயே அவள் வாசலில் நின்றவன், பழக்க தோஷத்தில் பையை விரித்து, "அம்மா, பிடி போடுங்க!" என்று குரல் கொடுத்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. பட்டினி கிடக்கிற வீட்டிலா கேட்பது!

முனியம்மா என்னை முறைத்துவிட்டு உள்ளே போனாள். விளக்குமாறு வரும் என்று ஓரடி பின்வாங்கினேன். ஒரு பிடி மரவள்ளிக் கொழுந்து வந்தது. அதைப் பைக்குள் போட்டவள், அதே கையால் கிழங்கையும் பயற்றுப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நானும் போட்டாச்சு லா. இனி இது எம் பையுந்தான். யாரு என்னைய முட்டி போடச் சொல்றது?"

பயறு தின்ற மகளுக்குக் கால் வீக்கம் வடிந்தது. எனக்கோ அன்றிலிருந்து, கொடுக்கப் போகிற வீட்டிலும் முதலில் பையை விரிக்கிற வியாதி பிடித்துக்கொண்டது.