உள்ளங்கை அளவில் ஒரு கேமரா

கேமரா வேண்டும் என்று நான் கேட்டதும் மச்சான் சிரித்தார். மச்சான் என்றால் என் கணவர். எங்கள் கடற்கரை ஊரில் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவோம். துபாயில் ஒரு துணிக்கடையில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்தால் சென்ட், சோப்பு, போர்வை, டார்ச் லைட். நான் கேட்டது இதில் எதுவுமே இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், அடுத்த தடவை என்ன கொண்டுவரட்டும் என்று அவராகவே கேட்டார். நான் வாயைத் திறந்து சொன்னேன்.

"கேமராவா? பொம்பளைக்கு என்னத்துக்குக் கேமரா? இங்கன என்ன இருக்கு படம் எடுக்க?"

இங்கே என்ன இருக்கிறதாம்! எங்கள் ஊரில் அப்போது பெண்கள் தெருவில் நடப்பதில்லை. வீடுகளுக்குப் பின்னால் வளைந்து வளைந்து போகும் முடுக்குகளில்தான் எங்கள் நடமாட்டம். இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கத்துச் சுவரும் தட்டும், அவ்வளவுதான் அகலம். ஆம்பளைகள் அதற்குள் வரமாட்டார்கள். தவிர்க்க முடியாமல் வந்தால் தூரத்திலிருந்தே இருமிக்கொண்டு வருவார்கள். இருமல் கேட்டதும் நாங்கள் உடம்பு முழுக்கப் போர்த்தியிருக்கும் வெள்ளைத் துப்பட்டியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவோம். ஊரில் நடக்கிற சண்டை, சம்பந்தப் பேச்சு, கேலி, ஒப்பாரி எல்லாம் அந்த முடுக்குகளில்தான். மூடிய தட்டில் வட்டிலாப்பம் என்ற இனிப்பை ஏந்திக்கொண்டு ஒருத்தி ஓடுவாள், ஒருத்தி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து ஏசுவாள். மச்சான் பிறந்ததிலிருந்து ஒருநாளாவது அங்கே நின்றிருக்கிறாரா? அவருக்கு என்ன தெரியும்? அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த லீவில் கேமரா வந்தது. எப்பேர்ப்பட்ட கேமரா! தோல் உறை, கழுத்தில் மாட்டும் வார், முன்னால் முழ நீளத்துக்கு ஒரு குழாய். கடைக்காரன் இதுதான் உசத்தி என்றானாம், இவரும் தலையாட்டிவிட்டு வாங்கி வந்திருக்கிறார். துப்பட்டிக்குள் மாட்டிப் பார்த்தேன். எட்டு மாசம் போல வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. பொத்தானை அழுத்தினால் கதவை அறைந்து சாத்துகிற சத்தம்.

"ராமேஸ்வரம் போயி எடுத்துப் பாப்போம்" என்று மச்சான் கூட்டிக்கொண்டு போனார். கடற்கரையில் இவர் கேமராவோடு நின்றதுதான் தாமதம், குளித்துவிட்டு வந்த வடக்கத்திக் குடும்பம் ஒன்று ஈரத்துணியோடு முன்னால் வரிசையாக நின்றுவிட்டது. அங்கே கழுத்தில் பெரிய கேமரா தொங்கினால் படம் எடுத்துப் பிழைக்கிறவன் என்று அர்த்தம். உண்மையாகவே அந்தத் தொழிலில் இருந்தவர்கள் இரண்டு பேர் ஓடிவந்து, "எங்க எடத்துல வந்து எங்க சோத்துல மண்ணள்ளிப் போடுறியா?" என்று சட்டையைப் பிடித்தார்கள். மச்சான் கேமராவைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினார். நான் வழியெல்லாம் சிரித்தேன். நன்றாக வேண்டும் என்றுதான் சிரித்தேன்.

அவர் திரும்பிப் போன பிறகு கடிதம் எழுதினேன். காகிதத்தில் என் கையை வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்தேன். இந்த உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். சத்தம் வரக் கூடாது. பளிச்சென்று வெளிச்சம் அடிக்கக் கூடாது. மூன்றடி தூரத்தில் ஆள் நின்றாலும் தெளிவாக விழ வேண்டும். கடைக்காரன் பேச்சைக் கேட்காதீர்கள், இந்தக் காகிதத்தைக் காட்டுங்கள் என்று எழுதினேன். அந்த மனிதர் அதையும் சரியாகச் செய்யவில்லை. கையளவுதான் வந்தது, ஆனால் விரல் நீளத்தில் தீப்பெட்டி மாதிரி ஒரு பிலிம் அதற்கு. அதைக் கழுவ ராமநாதபுரத்தில் ஆளில்லை, மதுரையில் கைவிரித்தார்கள். நாசமாய்ப் போக என்று அதைத் தகரப் பெட்டியில் போட்டுவிட்டு மறுபடி கையை வரைந்து அனுப்பினேன்.

மூன்றாவதாக வந்ததுதான் கேமரா. கறுப்பு நிறம், முன்னால் தள்ளித் திறக்கிற மூடி, சாதாரண பிலிம். கைக்குள் வைத்து விரலை மடக்கினால் வெளியே தெரியாது. ஒரு பெருமூச்சு அளவுக்குத்தான் சத்தம். ஆறு வருஷம் காத்துக் கிடைத்தது.

முதல் பிலிமை எல்லோரிடமும் சொல்லியே எடுத்தேன். படத்தைக் கழுவுகிறவன் ஆம்பளையாயிற்றே என்று பேச்சு வந்தது. அதற்கு நாங்களே ஒரு தீர்ப்பும் சொல்லிக்கொண்டோம். வளையல்காரர் கையைப் பிடிக்கிறார், டாக்டர் நாடி பார்க்கிறார், அதில் என்ன குற்றம்? ராமநாதபுரத்து ஸ்டூடியோக்காரனுக்கு நாம் யார் பெண், யார் பெண்டாட்டி என்று தெரியுமா? யாரென்று தெரியாதவன் பார்ப்பது பார்வையே இல்லை. இப்படித்தான் பேசி முடித்தோம். புத்திசாலிகள்!

ஒருத்தி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. என் மச்சி, அதாவது என் அண்ணன் பெண்டாட்டி. நாங்கள் அண்ணனைக் காக்கா என்போம். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானால் ஆம்பளைதான் பெண்டாட்டி வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். அதனால் நாங்கள் பிறந்த வீடு எனக்கு வந்தது, காக்கா இரண்டு வீடு தள்ளி மச்சி வீட்டில் இருந்தார். எனக்கு அந்த முடுக்கில் உயிர் என்றால் மச்சிதான். என் பிரசவம் மூன்றுக்கும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்.

"என்னைய எடுக்காத புள்ள. வேற யாரை வேணாலும் எடு. எனக்கு அது பிடிக்கல" என்றார்.

"சத்தியமா எடுக்க மாட்டேன் மச்சி" என்றேன்.

கழுவி வந்த படங்களைப் பார்த்தால் எனக்கே எரிச்சல். கேமராவைக் கண்டதும் எல்லாரும் கம்பம் மாதிரி விறைத்து நின்றிருந்தார்கள். ஸ்டூடியோக்காரன் வேறு உதட்டைப் பிதுக்கினான். "என்னம்மா இது, எல்லாம் பாஸ்போர்ட் படம் மாதிரி நிக்குதுக." எனக்குச் சுருக்கென்றது. உனக்குக் காட்டுகிறேன்டா என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது பிலிமை யாரிடமும் சொல்லாமல் எடுத்தேன். துப்பட்டி விளிம்பில் கை, கைக்குள் கேமரா. யாருக்கும் தெரியவில்லை. ஒரு மத்தியானம் மச்சி முடுக்கில் நின்று மேல்வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தார். அவள் ஏதோ சொல்ல, மச்சி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். துப்பட்டி நழுவித் தோளில் விழுந்தது. தலைமுடியில் வெயில். மூன்றடி தூரத்தில் நான் நின்றேன். அமுக்கிவிட்டேன்.

பல் டாக்டரிடம் போகிறேன் என்று பொய் சொல்லி ராமநாதபுரம் போனேன். ஸ்டூடியோக்காரன் அந்தப் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"இதும்மா படம்! உங்க வீட்டுக்காரரு எடுத்தாரா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும். அதற்குமேல் விளக்கம் சொல்லப் பயம், அவ்வளவுதான்.

"நெகட்டிவ் இருக்கட்டும். பெருசா ஒன்னு போட்டுத் தாரேன்."

அதற்கும் தலையாட்டினேன். ஆறு வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தானே ஏங்கிக் கிடந்தேன்! மச்சிக்குக் கொடுத்த சத்தியம் அந்த நேரத்தில் ஞாபகத்திலேயே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான்.

அந்தப் படுபாவி அதைப் பெரிதாகப் போட்டு, கடை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டினான். ஒரு கல்யாண ஜோடிக்கும் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கும் நடுவில் மச்சி சிரித்துக்கொண்டிருந்தார். பத்திர ஆபீசுக்குப் போன காக்கா அந்த வழியாக வந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் காக்கா என் வீட்டு முன்வாசல் வழியாக வந்தார். பேப்பரில் சுருட்டியதை என் முன்னால் எறிந்தார். விரிந்தது.

"யாரு எடுத்தது?"

"நான்தான் காக்கா."

"பொய் பேசாத. ஸ்டூடியோக்காரனை உலுக்கிக் கேட்டுட்டுத்தான் வாரேன். ஒரு அம்மா கொண்டாந்துச்சு, அது வீட்டுக்காரரு எடுத்ததா சொல்லுச்சுன்னான். உன் புருஷன் துபாய்ல இருக்கான். அப்ப எவன் எடுத்தான்? முடுக்குக்குள்ள வந்து, மூணடியில நின்னு, இவ தலையில துணியில்லாம பல்லைக் காட்டிச் சிரிக்கிற அளவுக்கு எவன்?"

நான் சொன்ன ஒரு பொய் மச்சியின் கழுத்தில் போய் விழுந்திருந்தது. ஸ்டூடியோக்காரனிடம் பயந்துபோய் அப்படிச் சொன்னேன் என்று அழுதேன். அல்லா மேல் ஆணையிட்டேன். காக்கா காதில் வாங்கவே இல்லை.

"பொம்பளை எடுத்த படமாடி இது? அந்தாளே சொல்றான், கை தேறுன ஆளு எடுத்ததுன்னு!"

பயம் போய் எனக்கு ஆத்திரம் வந்தது. என் படத்துக்கும் ஒரு ஆம்பளைதான் சொந்தக்காரனா? அலமாரியைத் திறந்து கேமராவை எடுத்தேன். "ஏ புள்ள, கீழ வையி!" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அமுக்கினேன்.

"கொண்டுபோயிக் கழுவிப் பாருங்க. எவன் கைன்னு தெரியும்."

காக்கா கேமராவைப் பிடுங்கிக்கொண்டு மறுநாள் முதல் பஸ்ஸில் போனார். கழுவி வர மூன்று நாளாகும் என்று ஸ்டூடியோக்காரன் சொல்லிவிட்டான். அந்த மூன்று நாளும் காக்கா மச்சி வீட்டுக்குப் போகவில்லை. என் வீட்டு முன்கட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் ஒருத்தன் பெண்டாட்டி வீட்டுக்குப் போகாமல் பிறந்த வீட்டில் தங்கினால் ஊருக்கு வேறு விளக்கம் வேண்டாம். தலாக் என்ற பேச்சு முடுக்கு முழுக்க ஓடியது. நான் ஆக்கிப் போட்ட சோற்றை அவர் தின்றார், நான் தின்னவில்லை. மச்சி வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது.

மூன்றாம் நாள் படம் வந்தது. ஓங்கிய கை, திறந்த வாய், உள்ளே ஒரு பல் இல்லாத சந்து. காக்கா எவ்வளவு கோபக்காரரோ அவ்வளவும் அதில் தெளிவாக விழுந்திருந்தது. அதை ஊஞ்சல் பலகையில் போட்டுவிட்டு எழுந்தார். தப்பு என்மேல்தான் என்று ஒரு வார்த்தை? ஊஹூம். செருப்பை மாட்டிக்கொண்டு மச்சி வீட்டுக்குப் போய்விட்டார்.

"கேமரா எங்க காக்கா?" என்று வாசல்வரை போய்க் கேட்டேன்.

"கடல்ல கிடக்கு. போயி எடுத்துக்க."

மறுநாள் முடுக்கு வழியாக மச்சி வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு இருபது வருஷம் என்னோடு பேசவில்லை. முடுக்கில் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்றால்தான் இன்னொருவர் போக முடியும். மச்சிதான் ஒட்டி நிற்பார், முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு. நான் அந்த ஸ்டூடியோக்காரனைச் சபித்தேன். காக்காவைச் சபித்தேன். சாபத்தில் மிச்சமிருந்ததை மச்சானுக்குக் கொடுத்தேன்.

காக்கா மௌத்தாகி, அடக்கம் செய்து ஒரு வருஷம் கழிந்த பிறகு நானே மதுரைக்குப் போனேன். மச்சான் அதற்குள் துபாயை முடித்துக்கொண்டு சர்க்கரை வியாதியோடு வீட்டில் இருந்தார். கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். கடையில் ஒருவன் ஜூம் என்றான், மெகாபிக்சல் என்றான். வாயை மூடப்பா என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிப் பார்த்தேன். ஐந்தாவது அடங்கியது. சத்தத்தை முழுக்க அணைத்துவிடலாம். பிலிமும் இல்லை, கழுவ ஆளும் வேண்டாம். இது மட்டும் அன்றைக்கு இருந்திருந்தால் என்று கடையிலேயே கண்ணீர் வந்துவிட்டது.

நேராக மச்சியிடம்தான் போனேன். முடுக்கில் கதவோரமாக முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முடி நரைத்துவிட்டது. கதவைச் சாத்துவதற்குள் பேசிவிட வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"மச்சி, இதைப் பாருங்க. இதுல பிலிமே கிடையாது. நான் எடுக்கிறதை நானே பாத்துட்டு நானே அழிச்சிரலாம். எந்த ஆம்பளை கண்ணுலயும் படாது மச்சி."

மச்சி நிமிர்ந்தார். இருபது வருஷத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"இத்தனை நாளா அந்த ஸ்டூடியோக்காரனாலதான் நான் பேசலன்னா நெனச்ச?"

கேமராவை நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டேன்.

"அவன் யாரு, நான் யாரு? உன் காக்கா மூணு நாள் வரல, அப்புறம் வந்தாரு, வாழ்ந்தோம், போயிட்டாரு. வேணாம்னு நான் சொன்னது அவங்ககிட்ட இல்ல புள்ள. உன்கிட்ட. ஆம்பளை வந்தா இருமிக்கிட்டு வருவான், நான் மூடிக்கிருவேன். நீ இருமுனியா?"

சொல்லிவிட்டு எழுந்தார். துப்பட்டியை முகம் மறையும்வரை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார், நான் போவதற்கு வழிவிட்டு.

வெள்ளைத் துணியில் சாய்ந்த வெயில் விழுந்திருந்தது. மூன்றடி தூரம். கைக்குள் கேமரா விழித்திருந்தது, என் விரல் பொத்தான்மேல் இருந்தது. அமுக்கவில்லை. ஆனால் அந்த விரல் விலகக் கொஞ்ச நேரம் ஆனது.