முதல் பத்துப் பைகளின் வேகம்

தெருவில் அவருக்குப் பெயர் 'முடிஞ்சிடும்'. அச்சுப் பட்டறைக்கு யார் வந்து எத்தனை பனியன், எத்தனை துணிப்பை கேட்டாலும் முதலில் வரும் சொல் அதுதான். பக்கத்து சைக்கிள் கடைக்காரர் கேலியாக வைத்த பெயர். சொன்ன நாளில் வேலை முடிந்துகொண்டே இருந்ததால் நாளடைவில் அது பாராட்டாகிவிட்டது.

பட்டறைக்கு இரண்டே அறை. முன்னறையில் அவரும் ஒரு கணினியும். பின்னறையில் நீள மேசை, குறுக்கும் நெடுக்குமாகக் கொடிக்கயிறு, அவருடைய அக்கா. வலைத்துணி கட்டிய சட்டத்தைத் துணிமேல் வைத்து, மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஒரே அழுத்தில் இழுப்பது அக்காவின் வேலை. இரண்டு நிறம் என்றால் முதல் நிறம் காய்ந்த பிறகு இன்னொரு இழுப்பு.

நாள் குறிக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. மாதிரிக்கு முதலில் பத்து அடிப்பார்கள். அக்கா இழுக்க, அவர் வாசலில் சாய்ந்துகொண்டு கைப்பேசியில் நேரம் பார்ப்பார். அதை மொத்த எண்ணிக்கைக்குப் பெருக்கி வாடிக்கையாளரிடம் நாள் சொல்வார். கணக்கு ஒருமுறைகூடப் பிசகியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன மாதம் ஒரு சைக்கிள் கிளப் முந்நூறு பனியன் கேட்டது. கறுப்பில் சைக்கிள், சிவப்பில் சக்கரம். ஞாயிறு காலை பந்தயம். சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் எதற்கோ பின்னறைக்குள் போனவர் நின்றுவிட்டார். அக்கா டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் மை துடைக்கும் துணி சுற்றியிருந்தது.

"என்னக்கா கையில?"

"மை படக் கூடாதுன்னு சுத்தினேன்."

"மை படாம என்னைக்கு நீ அடிச்சிருக்க? காட்டு."

அக்கா துணியை அவிழ்த்தார். மணிக்கட்டு வீங்கிப் பளபளத்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"அது கெடக்கு ரொம்ப நாளா. நீ போனைத் தூக்கிட்டு வந்து நிக்கிறப்பதான் கூட வலிக்கும்."

"போனுக்கும் வலிக்கும் என்ன சம்பந்தம்?"

"நீ டைம் பாக்குறேன்னு கை தன்னால பறக்குதுடா. அப்புறம் நீ அந்தக் கணக்குல நாள் சொல்லிடுற. மிச்சத்தையும் அதே மாதிரி பறந்துதானே முடிக்கணும்?"

அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பல நாள் அக்காவின் சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பியது நினைவுக்கு வந்தது. "என்னக்கா, அழகிப் போட்டிக்கா போற?" என்று கிண்டல் வேறு செய்திருக்கிறார். அவர் கணக்குப் பிசகாமல் இருந்தது அந்த டப்பாவால்தான்.

பட்டையை வாங்கித் தானே இழுக்க ஆரம்பித்தார். முதல் பத்து நன்றாகவே வந்தது. அதற்குப் பிறகு வலைத்துணியில் மை காய்ந்து அடைத்தது; நிறுத்தித் துடைக்க வேண்டியிருந்தது. ஒரு பனியன் கோணிக்கொண்டது. தோள்பட்டை எரிந்தது. இதெல்லாம் அவர் பெருக்கலில் எங்கேயும் இல்லை.

"அழுத்தி இழுடா. கொழந்தைக்குப் பவுடரா போடுற?" என்றார் முக்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா.

சாயங்காலம் கொடிக்கயிற்றைப் பார்த்தார். கறுப்பே பாதிகூட ஆகவில்லை. கிளப் செயலாளருக்குப் போன் போட்டார்.

"மெஷின் ரிப்பேர்னு சொல்லு," அக்கா கிசுகிசுத்தார். அந்தப் பட்டறையில் மெஷினே கிடையாது.

"சார், ரெண்டு கலரும் நாளைக்குள்ள முடியாது. நாளைத் தப்பா சொல்லிட்டேன். என் தப்புதான்."

"உங்க பேரே முடிஞ்சிடும்தானேங்க?" என்றார் செயலாளர். "சரி, கறுப்பு மட்டும் அடிச்சுக் குடுங்க. அடுத்த தடவை வேற எடம் பாத்துக்கறோம்."

ஞாயிறு காலை முந்நூறு பேர் சக்கரமில்லாத சைக்கிளை நெஞ்சில் தாங்கி ஓட்டினார்கள். "சக்கரத்தை எங்கிட்ட வாங்கியிருக்கலாமே, தம்பி," என்றார் சைக்கிள் கடைக்காரர்.

மறுவாரம் பாட்டு டீச்சர் ஒருவர் துணிப்பைகளுக்கு வந்தார். மாதிரிக்குப் பத்து அடிக்காமலே தம்பி பதில் சொன்னார்: "ரெண்டு வாரம் ஆகுங்க."

"இத்தனூண்டு வேலைக்கா?"

"எதுக்கு ரெண்டு வாரம்?" பின்னறைக் கதவு திறந்தது. மணிக்கட்டில் டாக்டர் போட்ட கட்டோடு அக்கா. "இந்த வாரமே முடிஞ்சிடும் டீச்சர்!"

"ரெண்டு வாரம்," அக்காவின் முகத்தைப் பார்க்காமல் அவர் மறுபடி சொன்னார். நாளைக் கூட்டிச் சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தார். டீச்சர் தலையாட்டிவிட்டுப் போனார்.

"என் கையை அவ்ளோதான்னு முடிவே பண்ணிட்டியா?"

"அப்படி இல்லக்கா..."

"அப்போ உள்ள வா. எடது கையால பத்துப் பை அடிக்கிறேன். டைம் பாரு."

பட்டையை இடது கையில் பிடித்து மேசைமுன் நின்றார் அக்கா. தோள் அதற்குள் விறைத்துவிட்டது, ஓடத் தயாரானவரைப் போல.

"போன்ல சார்ஜ் இல்லக்கா," என்றார் அவர்.

அப்போது பார்த்துச் சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. அவர் எடுக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள். பிறகு அவர் மேசையின் மறுபக்கம் போய், முதல் பையை விரித்துச் சுருக்கம் நீவினார்.

"மெதுவாவே இழு அக்கா," என்றார்.

அக்கா பட்டையை வலைத்துணிமேல் வைத்தார். முதல் இழுப்பு கோணலாகத்தான் வந்தது.