பதினைந்தாவது சீட்டும் நீலக் கூறையும்

பழைய நண்பர் செல்வராஜ் மகனுக்குச் சென்ற மாதம் பொகவந்தலாவையில் கல்யாணம். அழைப்பிதழுக்கு முன்பே போன் வந்தது: "மாஸ்டர், சம்மந்தி வீட்ல கூறைச் சேலை நீலமா வேணுங்கிறாங்களாம். நீலம்னா நான் மணவறைல நிக்க மாட்டேன். வந்து பேசுங்க."

விவரம் தெரியாதவர்களுக்கு: கால்பந்தில் செல்வராஜும் நானும் மான்செஸ்டர் சிவப்பு அணியின் ரசிகர்கள். சம்பந்தி சிவலிங்கம் மான்செஸ்டர் நீலம். நாங்கள் ஒரே பருவத்தில் மூன்று கிண்ணம் தூக்கிய வருடம் நீலம் மூன்றாம் பிரிவில் கிடந்தது. அப்போது நான் வாத்தியாராக இருந்த தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் செல்வராஜ் சிவலிங்கத்தைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. மாப்பிள்ளை கஜன் பிறந்ததும் அந்த வருடம்தான். பிறகு காலம் திரும்பியது. அதே மூன்று கிண்ணத்தை நீலமும் தூக்கியது. நாங்கள் பதினைந்தாம் இடம் வரை இறங்கிப் பார்த்தோம்.

ஹட்டனில் காலை 9.40க்கு பஸ் ஏறினேன். பொகவந்தலாவைக்கு ஒன்றேகால் மணி நேரம், 140 ரூபாய். தொப்பையை இறுக்கிய என் சிவப்பு ஜெர்சியைக் கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார். "பதினஞ்சாவது சீட்டு காலியா இருக்குங்க சேர். ஒங்களுக்குப் பழக்கமான எடந்தானே." பஸ்ஸே சிரித்தது. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன்.

பதினொன்றரைக்கு செல்வராஜ், கஜன், நான் மூவரும் சம்பந்தி வீட்டில். நான் இருமலோடு சேலைப் பேச்சை எடுத்தேன். சிவலிங்கம் தேநீரை நீட்டியபடியே, "நான் கலரே கேக்கலைங்க. கேட்டது ஒங்க மகன்தான்" என்றார்.

செல்வராஜ் மகனைப் பார்த்தார்.

"நீ நீலமா?"

"ஆமாப்பா. ஸ்கூல் காலத்துல இருந்தே. ஒங்க டீம் தோத்தா நம்ம வீட்ல நாய்கூட கொரைக்காது. இங்க வந்தா டீ குடுத்து மேட்ச் பாக்க விட்டாங்க." மணப்பெண் கதவுக்குப் பின்னால் சிரித்தாள்.

"சனிக்கிழமையெல்லாம் நீ மாஸ்டர்கிட்ட டியூசனுக்குத்தானே போன?"

கஜன் தரையைப் பார்த்தான். நான் கோப்பைக்குள் பார்த்தேன். செல்வராஜ் மெல்ல என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், சனிக்கிழமை கிளாஸ் வச்சீங்களா?"

வைக்கவில்லை. அந்த நேரத்தில் நானும் மேட்ச்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு தோற்றதை.

கடைசியில் செல்வராஜ், "ஹட்டன்ல எடுத்து வச்ச செவப்புச் சேலையை நீலமா மாத்திட்டு வாங்க மாஸ்டர். கிளாஸ் வைக்காம எம் மகனை இங்க அனுப்பிவிட்டதே நீங்கதானே" என்றார். அன்று பிற்பகலே சிவப்புச் சேலையோடு மீண்டும் ஹட்டன். கல்யாணத்தன்று பெண் வான நீலத்தில் ஜொலித்தாள். செல்வராஜ் மணவறையில் நின்றார், கழுத்தில் சிவப்புச் சால்வையோடு. தாலி கட்டும்போது அந்தச் சால்வையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் அவசியம். வளைவுகளுக்கு முன் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். உடையில் சிவப்பு, நீலம் இரண்டையும் தவிர்க்கலாம். நீலக்காரனை முப்பது வருடமாக எதிரி என்று நினைத்திருந்தோம். அவன் வீட்டில்தான் நம் பிள்ளை சிரிக்கப் பழகியிருக்கிறான்.

கல்யாணம் முடிந்து திரும்பும்போது அதே கண்டக்டர். அவர் வாய் திறக்குமுன் நானாகவே போய்ப் பதினைந்தாவது சீட்டில் உட்கார்ந்தேன்.