அப்பா பெயரில் வந்த சல்லடை

சென்ற மார்கழியில் ஒரு திங்கட்கிழமை, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் என் பட்டறையில் இது ஆரம்பித்தது. மோட்டார், மாவு மில், களத்து இயந்திரங்கள் பழுது பார்ப்பது என் தொழில். கையில் ஸ்பேனர் இருந்தால் எனக்குப் பயம் கிடையாது. செல்போன் இருந்தால்தான் பயம். அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன். பின்னால் வந்த கெடுதல் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

அன்று கல்வராயன் மலையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு மகளிர் குழுவின் தலைவி. சாமைக்கு உமி நீக்கும் இயந்திரம் ஒன்றைக் குழுவில் ஓட்டுகிறார்கள். அதன் சல்லடை கிழிந்துவிட்டது. சேலத்தில் ஒரு கடைக்காரர் முதல் முறையாக இவர்களிடம் சாமை அரிசி கேட்டு, சனிக்கிழமை வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அரிசியாக இருந்தால் ஏற்றிக்கொள்வார். உமியோடு இருந்தால் வண்டி வெறுமனே திரும்பும், மறுபடி வராது.

“இங்கியே தகட்டுல ஓட்டை போட்டுக் குடுத்துடுங்களேண்ணா” என்றார். கொடுக்கலாம். ஆனால் துளைகள் ஒரே அளவில் விழாது, பாதிச் சாமை உமியோடு போய்விடும். “வேணாம்மா, கம்பெனி சல்லடையே ஆன்லைன்ல போட்டுடலாம். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கினு போங்க” என்று பெரிய மனிதனாகச் சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன்.

சல்லடையைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் ஆனது. வாங்கப் போனால், முதலில் கணக்குத் தொடங்கு என்றது. பெயர், முகவரி, மின்னஞ்சல் சரி. சல்லடை விற்பவனுக்கு என் பிறந்த தேதி எதற்கு? அதையும் கொடுத்தேன். கடவுச்சொல் கேட்டது. என் மனைவியின் பெயரைப் போட்டேன். ‘மிகவும் பலவீனமானது’ என்று சிவப்பில் எழுதியது. அவளைத் தெரியாமல் பேசுகிறது. எண்ணைச் சேர், பெரிய எழுத்தைச் சேர், ஒரு குறியைச் சேர் என்று அது சொல்லச் சொல்ல நானும் சேர்த்துக்கொண்டே போனதில், கடைசியில் என்ன போட்டேன் என்பது எனக்கே தெரியவில்லை.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, “இன்னாண்ணா, ஒரு சல்லடைக்கு இத்தினி கேள்வி கேக்குது? என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்க கூட இவ்ளோ கேக்கலியே” என்றார். பிறகு கொஞ்சம் முன்னால் நகர்ந்து, “நான் வேணா...” என்று ஆரம்பித்தார்.

“நீங்க கம்முனு உக்காருங்கம்மா. இது கம்ப்யூட்டர் சமாச்சாரம்” என்றேன். நகர்ந்தவர் பழையபடி உட்கார்ந்துவிட்டார்.

பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. முதல் பெயர், கடைசிப் பெயர். நம் ஊரில் பெயருக்கு முன்னால் வருவது இனிஷியல்தானே? முதல் கட்டத்தில் இனிஷியலைப் போட்டேன். ஓரெழுத்து போதாது என்றது. புள்ளி வைத்தேன். புள்ளி கூடாது என்றது. சரி, இனிஷியல் என்றால் அப்பாதானே என்று அப்பாவின் முழுப்பெயரை முதல் கட்டத்திலும் என் பெயரை இரண்டாவதிலும் போட்டேன். உடனே கதவு திறந்தது. அப்பா பெயரைச் சொல்லி, ‘வாருங்கள்’ என்று வரவேற்றது. அவர் போய் எட்டு வருஷம் ஆகிறது. ஆர்டர் போட்டு முடித்து நிமிர்ந்தபோது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், வடக்கனந்தல் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில் மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். புதிய எண்ணிலிருந்து போன் வந்தது. அப்பா பெயரைச் சொல்லி, “இருக்காருங்களா?” என்று ஒருவர் கேட்டார்.

அப்பாவை யார் கேட்டாலும் என் வாய் தானாகவே பதில் சொல்லும். “அவரு தவறிட்டாருங்க.”

“ஐயய்யோ! எப்பங்க?”

“எட்டு வருஷம் ஆவுதுங்க.”

“எட்டு வருஷமா?”

“ஆமாங்க.”

“அப்ப சரிங்க” என்று வைத்துவிட்டார். யாரோ பழைய சிநேகிதர் போலிருக்கிறது என்று நினைத்து, கையைத் துடைத்துக்கொண்டு ஒரு நிமிடம் அப்பாவை நினைத்தேன். பிறகு மறுபடியும் நட்டு போல்ட்டில் இறங்கினேன்.

அரை மணி நேரம் கழித்துக் குறுஞ்செய்தி வந்தது. ‘பெறுநர் காலமாகிவிட்டதால் உங்கள் பொருள் திருப்பி அனுப்பப்படுகிறது. இந்த அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’

போனில் கேட்டவர் கூரியர்காரர். பெட்டி மேல் இடம் போதாமல், என் பெயரை விட்டுவிட்டு அப்பாவோடு நிறுத்தியிருக்கிறார்கள். அது புரிந்ததும் பதறி எழுந்தேன். தோட்டக்காரர், “இன்னாங்க ஆச்சி?” என்றார். “அப்பா செத்துட்டாருங்க!” என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நீங்க வண்டி ஓட்டாதீங்க, நான் வந்து வூட்டாண்ட வுடறேன்” என்று கிளம்பிவிட்டார். அவருக்கு விளக்கம் சொல்வதில் ஐந்து நிமிடம் போனது. அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்கு விளக்க இன்னும் ஐந்து நிமிடம்.

வழியில் வண்டியை நிறுத்திக் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தேன். பதிவு செய்த குரல் ஒன்று, கணக்குக்குள் நுழைந்த பிறகுதான் மனிதர்களோடு பேசலாம் என்றது. மனிதர்களோடு பேச ஒரு பூட்டு!

கள்ளக்குறிச்சி கூரியர் ஆபீஸில் ஓர் இளம்பெண் இருந்தாள். அவளுக்குப் பின்னால் சாக்கின் வாயில் என் பெட்டி தெரிந்தது. “பேர்ல இருக்கறவரு வரணும் சார்” என்றாள்.

“அவரு வந்தா நீங்க இங்க உக்காந்திருக்க மாட்டீங்கம்மா.”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் வழி சொன்னாள். என் கணக்குக்குள் போய், ‘நேரில் பெற்றுக்கொள்கிறேன்’ என்பதை அழுத்தினால் போதும், அவளுக்குத் தகவல் வந்துவிடும், கொடுத்துவிடுவாள். நாலு மணிக்குக் கூரியர் வண்டி வந்து சாக்கை எடுத்துக்கொண்டு போய்விடும். அப்போது மணி மூன்று இருபது.

கடவுச்சொல் போட்டேன். தவறு. பெரிய எழுத்தை மாற்றிப் போட்டேன். தவறு. இன்னும் ஒரு முறைதான், அதற்குப் பிறகு இருபத்து நாலு மணி நேரம் பூட்டிவிடுவேன் என்றது. மிளகாயைக் கடித்தவன் மாதிரி நின்றேன். அந்த நேரம் பார்த்து, மலையிலிருந்து வந்த அந்த அம்மாவின் போன். “இன்னாண்ணா, பட்டறை பூட்டிக்கினு இருக்குது?”

கூரியர் வண்டி லேட் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பொய் சொன்னால் அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமே! கடவுச்சொல்லே ஞாபகத்தில் நிற்காதவன் நான். உண்மையைச் சொல்லிவிட்டேன். ஷேர் ஆட்டோ பிடித்துப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் கையை நீட்டினார். “போனைக் குடுங்கண்ணா.”

திரையைப் பார்த்துவிட்டு, “‘மறந்துட்டீங்களா’ன்னு கீழ எழுதிக்கினு இருக்குதே, அது எதுக்குன்னு நெனச்சீங்க?” என்றார்.

“என்னைக் கிண்டல் பண்ணுதுன்னு நெனச்சேம்மா.”

அதை அழுத்தினார். என் போனுக்கு எண் வந்தது, போட்டார். புதிய கடவுச்சொல் ஒன்றைப் படபடவென்று இரண்டு முறை அடித்தார். உள்ளே போய், அழுத்த வேண்டியதை அழுத்தினார். மணி மூன்றே முக்காலுக்குப் பெட்டி அவர் கையில் இருந்தது. இத்தனை நேரம் சிரிக்காத கூரியர் பெண் இப்போது சிரித்தாள்.

வெளியே வந்ததும், இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“குழு கணக்கு, பேங்க்கு, வெதைக்கு மனு போடறது எல்லாம் இந்தப் போன்லதாண்ணா. எங்க ஊர்ல டவர் கெடைக்கற பாறை ஒண்ணு இருக்குது. அது மேல நின்னுக்கினு, போனுக்கு வர்ற நம்பர் காலாவதி ஆவறதுக்குள்ள போட்டு முடிக்கணும். நீங்க ஃபேன் காத்துல உக்காந்துக்கினு இப்டி வேர்த்துக் கொட்றீங்க. அன்னிக்கே என் கணக்குல போட்டுடலாம்னு சொல்ல வந்தேன். நீங்கதான் கம்முனு உக்கார சொன்னீங்க. சல்லடை எங்களுது. நடுவுல உங்கப்பாரு எதுக்கு?”

பேச்சை மாற்றினேன். “சரிம்மா, புதுசா இன்னா கடவுச்சொல் போட்டீங்க?”

“அதெல்லாம் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்குதேண்ணா” என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டார்.

சனிக்கிழமை மதியம் ஒரு படம் அனுப்பினார். சேலத்து வண்டியில் மூட்டைகள், பக்கத்தில் உமித் தூசியோடு நாலைந்து பெண்கள். கீழே, ‘ஏத்தியாச்சு. அடுத்த மாசமும் வராங்களாம்.’

இப்போது யாருக்காவது ஆன்லைனில் பொருள் போட வேண்டுமென்றால், போனை அவர்கள் பக்கம் திருப்பி, “யாரு பேர்ல போடணும், நீங்களே போடறீங்களா?” என்று கேட்கிறேன். பல பேர் சர்வ சாதாரணமாக வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டதை நினைத்தால் இன்று சிரிப்புத்தான் வருகிறது. எதிரில் இருப்பவருக்குத் தெரியாது என்று வெட்கமே இல்லாமல் முடிவு கட்டியதுதான் இன்னமும் உறுத்துகிறது.