மூன்று வெள்ளைப் பொடிகள்

எனக்கு அப்போது ஒன்பது வயது. மலாயாவில், தஞ்சோங் ரம்புத்தானுக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்துக்குள் ஆற்று வெள்ளம் புகுந்து, இரண்டு நாள் நின்று வடிந்தது. அதற்கு முந்தின வாரம்தான் அம்மாவின் கண்ணில் ரப்பர்ப் பால் தெறித்துப் புண்ணாகியிருந்தது. தினம் மூன்று வேளை உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லியிருந்தார், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர். அவரோ ஈப்போவுக்குப் போனவர், பாலம் மூழ்கிவிட்டதால் திரும்ப முடியவில்லை. எங்கள் வீட்டு உப்புப் பானையும் கடைக்காரரின் உப்பு மூட்டைகளும் வெள்ளத்தோடு கரைந்து போயிருந்தன. அம்மாவின் கண் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

அப்பா என்னைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். அங்கே ஆயாவாக இருந்தவர் என் அத்தை, அப்பாவின் தங்கை. நான் போனபோது மேசைமேல் மூன்று புட்டிகளை வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தபடி நின்றிருந்தார். மூன்றிலும் வெள்ளைப் பொடி. ஒன்று உப்பு, ஒன்று சீனி, ஒன்று காய்ச்சல் தூள். ஒட்டியிருந்த காகிதங்கள் தண்ணீரில் ஊறிக் கழன்று போய்விட்டன.

"நக்கிப் பாத்தா தெரிஞ்சிடுமே, அத்தை" என்று விரலை நீட்டினேன். பட்டென்று கையில் ஓர் அடி விழுந்தது.

"காய்ச்சல் தூள் கூடிப்போச்சுன்னா உதடு நீலமாயிடும்டி. சும்மா நில்லு."

டிரஸ்ஸர் தம் மகனுக்குச் செய்து காட்டிய சோதனைகளை, புட்டி கழுவிக்கொண்டே பார்த்து வைத்திருந்தார் அத்தை. ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, முதல் பொடியில் ஒரு சிட்டிகையைக் கரண்டியில் வைத்துத் தீயில் காட்டினார். தீ பட்டதுமே அது நெய்யாக உருகிவிட்டது. அந்தப் புட்டியைத் தூரத் தள்ளி வைத்தார். இரண்டாவது மெல்ல உருகிப் பழுப்பாகி, மிட்டாய் வாசனை வீசி, கடைசியில் கருகியது. மூன்றாவது படபடவென்று வெடித்துக் குதித்தது. ஆனால் எவ்வளவு நேரம் காட்டியும் உருகவில்லை, நிறம் மாறவில்லை. எனக்கு அந்தப் பொடியின் பிடிவாதம் ரொம்பப் பிடித்துவிட்டது.

"இதுதானே உப்பு?"

"இரு. கண்ணுக்குப் போறது. இன்னொரு தடவை பாத்துருவோம்."

டிரஸ்ஸரின் டார்ச்சைப் பிரித்து, மூன்று பேட்டரியையும் பல்பையும் கம்பியால் இணைத்து, கம்பியின் இரு முனைகளிலும் இரண்டு கரண்டிகளைக் கட்டினார். சீனி கரைத்த தண்ணீரில் கரண்டிகளை ஒன்றையொன்று தொடாமல் நெருக்கி முக்கினார். பல்பு செத்துக் கிடந்தது. கழுவித் துடைத்து, மூன்றாவது பொடியை நிறையக் கரைத்த தண்ணீரில் முக்கினார். கரண்டிகளின் ஓரத்தில் நுரை கட்டியது. பல்புக்குள் இழை மங்கலாகச் சிவந்தது. நான் கத்தியே விட்டேன். தண்ணீர் வழியாக மின்சாரம் போகும் என்று அன்றுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, காய்ச்சி ஆறிய நீரில் புதிதாக அளந்து கரைத்துக்கொண்டு அத்தை என்னோடு வீட்டுக்கு வந்தார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தீபாவளிச் சேலை ஒன்றால் வந்த சண்டையில் இருவருக்கும் எட்டு மாதமாகப் பேச்சு இல்லை.

"அவ கையால எனக்கு ஒண்ணும் வேணாம்."

அத்தை தலையை அண்ணாந்து, அந்த நீரில் நனைத்த பஞ்சிலிருந்து தம் கண்ணில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டார். கன்னத்தில் வழிய வழிய வெகு நேரம் அப்படியே நின்றார். பிறகு, "எரியல, அண்ணி. வாங்க" என்றார்.

அம்மா அத்தை பக்கம் திரும்பிப் படுத்தார். நான்காம் நாள் அவர் கண் திறந்தது.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. பல்பே எரிந்து சொன்ன பிறகு எதற்குச் சொந்தக் கண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும்? "அத்தைக்கு அவங்க பாத்த சோதனை மேலயே நம்பிக்கை இல்லப்பா" என்று அப்பாவிடம் புகார் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார்.

பாவம், பல்பு விஷயம் அப்பாவுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.