இருபத்திரண்டாவது ஜனாதிபதி

பெருந்துறைப் பக்கம் ஒரு நூல் மில்லில் கிளார்க் வேலைக்கு என்னை இன்டர்வியூ செய்தவர் அந்த மில்லின் மேனேஜர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. யார் உள்ளே வந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்து கும்பிடுவார். இருபத்தொரு வயதில் என்னை அப்படி யாரும் கும்பிட்டதில்லை.

"ஏனுங்க அம்மணி, அமெரிக்காவோட இருபத்திரண்டாவது ஜனாதிபதி யாருங்க?"

நூல் மூட்டைக்குச் சீட்டு எழுதும் வேலைக்கு இது எதற்கு? எரிச்சலோடு பெயரைச் சொன்னேன். பொது அறிவுப் புத்தகத்தை ஒரு மாதமாக உருப்போட்டிருந்தேன்.

"இருபத்திநாலாவதுங்க?"

"அவரேதானுங்க. நடுவுல ஒருக்கா தோத்துப்போட்டு மறுபடியும் ஜெயிச்சாருங்க."

கையிலிருந்த தாளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"காலையில இருந்து நீங்க ஒருத்தர்தானுங்க சரியாச் சொன்னீங்க. ஆனா வேலைய நேத்தே முதலாளி அவரு சொந்தக்காரப் பையனுக்குக் குடுத்துப்போட்டாருங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "அப்புறம் எதுக்குங்க கேள்வி கேட்டீங்க?"

"லெட்டர் போட்டு வரச் சொல்லியிருக்கறமுங்க. ஒரு கேள்விகூடக் கேக்காம அனுப்புனா மரியாதையா இருக்குமுங்களா?"

வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "கூப்புட்டுட்டாங்க. பாக்காமப் போனா அவருக்கு மரியாதையா இருக்காதுங்க" என்றார் ஒருவர், தலையைச் சீவிக்கொண்டே.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டே போவது என்று மறுபடியும் கதவைத் தள்ளினேன். மேனேஜர் எழுந்து கும்பிட்டார்.

கும்பிடுகிறவரை எப்படித் திட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.